மிளகாய் ஏன் எரிகிறது? பிரக்ஞை பற்றிய தத்துவ வழக்கு: ஓர் எளிய அறிமுகம்

தயிர்சாதத்துக்கு ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்பவரின் வாயில் அடுத்த சில நொடிகளில் நடப்பது என்ன என்பதை இன்றைய அறிவியல் பெரும்பாலும் அறிந்திருக்கிறது. மிளகாயின் உள்ளே விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறச் சதையில்தான் கேப்சைசின் என்னும் வேதிப்பொருள் மிகுதியாக உள்ளது. (காரம் விதையில் இருக்கிறது என்று நம்பி அதை மட்டும் தட்டிவிட்டுச் சமைப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.) அந்தப் பொருள் நாக்கின் நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிவி1 என்னும் ஏற்பியில் (தூண்டலை உணர்ந்து நரம்புக்குத் தெரிவிக்கும் புரதத்தில்) போய் ஒட்டுகிறது. அதே ஏற்பி, சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டுக்கும் திறந்துகொள்ளக் கூடியது. ஆகவே மிளகாய் பட்டாலும் கொதிக்கும் ரசம் பட்டாலும் ஒரே நரம்பு வழியாகத்தான் மூளைக்குச் செய்தி போகிறது. நாம் காரத்தை 'எரிகிறது' என்று சொல்வதில் உவமையை விட உண்மையே அதிகம். அமெரிக்க உடலியலாளர் டேவிட் ஜூலியஸும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பு, 2021இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கைப் பெற்றுத் தந்தது.

இந்த விளக்கம் பலவற்றைத் தெளிவாக்குகிறது. மிளகாயைக் கடித்தவருக்கு ஏன் வியர்க்கிறது, அவர் கை ஏன் மோர்க் குவளையை நோக்கிப் போகிறது, வாய் ஏன் 'எரிகிறது' என்று சொல்கிறது என்பவை எல்லாம் இதில் அடங்கிவிடுகின்றன. ஆனால் கடித்தவருக்கு அந்த நேரத்தில் நாக்கில் எரிச்சல் என்று ஒன்று இருக்கிறதே, அவர் மட்டுமே அறியும் அந்த எரிச்சல், அது இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி? ஏற்பி திறந்தது, அயனிகள் உள்ளே பாய்ந்தன, நரம்பு துடித்தது, வாய் பேசியது என்று ஒவ்வொரு கண்ணியாக எண்ணிக்கொண்டு போனால், எரிச்சலுக்கென்று ஓர் இடம் தனியாகத் தென்படுவதில்லை. 'எரிகிறது' என்ற சொல்லும் அதைச் சார்ந்த செயல்களும் விளக்கப்பட்டுவிட்டால் எல்லாம் விளக்கப்பட்டுவிட்டது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். சொல் வேறு, எரிச்சல் வேறு, எரிச்சலை இன்னும் நீங்கள் தொடவே இல்லை என்று மறுசாரார் சொல்கிறார்கள். பிரக்ஞை பற்றிய தத்துவ நிலைப்பாடுகள் ஏராளமாக இருந்தாலும், ஒவ்வொன்றும் இந்த இரண்டு பேரில் யாருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று பார்த்தால் அதன் உட்கிடை எளிதாகப் புரிந்துவிடும்.

இங்கே சொல்லைப் பற்றியும் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. மயக்கமடைந்தவரைப் பற்றி மருத்துவமனையில் 'நினைவு திரும்பிவிட்டதா' என்று கேட்கிறோம். ஆனால் நினைவு என்பது ஞாபகத்துக்கும் உரிய சொல். பாடநூல்கள் 'நனவு' என்கின்றன. அது கனவுக்கு எதிர்ச்சொல். கனவில் நாய் துரத்தும்போது வரும் அச்சமோ மெய்யாகவே உணரப்படும் அச்சம் என்பதால், நாம் தேடும் பொருள் கனவிலும் இருக்கிறது. 'உணர்வு' என்பது நம் பழைய தருக்க நூல்கள் ஆண்ட சொல் என்றாலும், இன்று தொடுவுணர்வு முதல் நன்றியுணர்வு வரை அனைத்தையும் அது சுமந்துகொண்டிருக்கிறது. எனவே இந்தக் கட்டுரையில் 'பிரக்ஞை' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். ஓர் உயிருக்குத் தன் நிலை 'இப்படி இருக்கிறது' என்று அகத்தில் ஏதேனும் தோன்றுமானால் அதற்குப் பிரக்ஞை உண்டு என்பதே இங்கு கொள்ளப்படும் பொருள். விழிப்பு, கவனம், அறிவுக்கூர்மை ஆகியவை பெரும்பாலும் இதனோடு சேர்ந்து வருபவை என்றாலும் அவையே இது ஆகிவிடா.

எரிச்சல் தனி என்பவர்களில் மிகவும் புகழ்பெற்றவர் பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே தெகார்த். 1641இல் வெளியான தம் நூலில் அவர் உலகை இரண்டு வகைப் பொருள்களாகப் பிரித்தார். இடத்தை அடைத்துக்கொள்ளும் உடல் ஒன்று. இடத்தை அடைக்காமல் சிந்திக்க மட்டும் செய்யும் மனம் மற்றொன்று. இதை இருமைவாதம் என்பார்கள். இந்தக் கோட்பாட்டின் மிகப் பலவீனமான இடத்தை அடுத்த 2 ஆண்டுகளுக்குள் கண்டுபிடித்தவர், நாடிழந்து ஹாலந்தில் வாழ்ந்துகொண்டிருந்த பொஹீமிய இளவரசி எலிசபெத். 1643 மே மாதம் அவர் தெகார்த்துக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: ஒரு பொருளை நகர்த்த வேண்டுமானால் அதைத் தொட்டுத் தள்ள வேண்டும், தொடுவதற்கோ பரப்பு வேண்டும், பரப்பே இல்லாத மனம் உடலை எப்படி அசைக்கிறது? தெகார்த்தின் பதில் இளவரசிக்கு நிறைவளிக்கவில்லை. பருப்பொருள் அல்லாத ஒன்றுக்கு உடலை அசைக்கும் ஆற்றலைக் கொடுப்பதை விட, மனத்தையே பருப்பொருள் என்று ஒப்புக்கொள்வது தமக்கு எளிது என்று அவர் மறுகடிதத்தில் எழுதினார். மூளையின் நடுவில் உள்ள பினியல் சுரப்பியில்தான் இரண்டும் சந்திக்கின்றன என்று தெகார்த் சொன்னது சந்திக்கும் இடத்துக்கு முகவரி தந்ததே ஒழிய, சந்திப்பு எப்படி நிகழ்கிறது என்பதைச் சொல்லவில்லை.

இந்தியாவின் பழைய தத்துவப் பள்ளிகளில் ஒன்றான சாங்கியமும் ஓர் இருமைவாதம்தான். ஆனால் பிரிக்கும் கோட்டை அது வேறோர் இடத்தில் போட்டது. தெகார்த் சிந்தனையை மனத்தின் பக்கம் வைத்தார். சாங்கியமோ புத்தி, அகங்காரம், மனம் ஆகிய மூன்றையுமே சடப்பொருளான பிரகிருதியின் பக்கம் தள்ளிவிட்டு, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சியை மட்டும் புருஷன் என்று தனியே நிறுத்தியது. கணக்கிடுவதும் கடிதம் எழுதுவதும் இயந்திரத்தால் ஆகின்றன என்பதை நாள்தோறும் பார்க்கும் நமக்கு, சாங்கியத்தின் கோடுதான் கவனமாகப் போடப்பட்டது என்று தோன்றக்கூடும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் இளவரசியின் கேள்வியிலிருந்து சாங்கியமும் தப்பவில்லை. நடக்கத் தெரிந்த குருடன் தோளில் பார்வையுள்ள முடவன் அமர்ந்து போவதைப் போலப் பிரகிருதியும் புருஷனும் சேர்ந்து இயங்குகின்றன என்று அவர்கள் சொன்னபோது, முடவனாவது வாய்திறந்து வழி சொல்கிறான், எதுவுமே செய்யாத உங்கள் புருஷன் எப்படி வழிகாட்டுவான் என்று சங்கரர் மடக்கினார். எலிசபெத்துக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட வாதம் அது.

இருமைவாதிக்கு ஒரு பின்வாசல் உண்டு. எரிச்சல் தனியானதுதான், ஆனால் அதனால் எந்தக் காரியமும் நடப்பதில்லை என்று சொல்லிவிட்டால் தள்ளுவது, தொடுவது என்ற தொல்லை நீங்கிவிடும். 1874இல் ஆங்கிலேய உயிரியலாளர் டி. எச். ஹக்ஸ்லி அதைத்தான் சொன்னார். நீராவி எஞ்சினின் ஊதல் ஒலி எஞ்சினிலிருந்து பிறக்கிறது. ஆனால் வண்டியை அது இழுப்பதில்லை. பிரக்ஞையும் அத்தகைய ஊதல் ஒலிதான் என்றார் அவர். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்று யோசித்துப் பார்த்தால் தலை சுற்றும். எரிச்சலால் எதுவும் நிகழ்வதில்லை என்றால், நான் 'எரிகிறது' என்று சொன்னதும் எரிச்சலால் நிகழ்ந்தது ஆகாது. எரிச்சலைப் பற்றி இந்தக் கட்டுரையை எழுதுவதற்கும் எரிச்சல் காரணம் இல்லை என்று ஆகிவிடுகிறது.

எதிர்த் தரப்புக்கு வருவோம். பிரக்ஞை பருப்பொருளிலிருந்தே பிறக்கிறது என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைப்பவர்கள் மணிமேகலையின் 27ஆம் காதையைப் பார்க்க வேண்டும். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியாகச் சந்தித்துக்கொண்டு வரும் மணிமேகலையிடம் பூதவாதி தன் கொள்கையைச் சொல்கிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்தால் கள்ளின் களிப்புப் பிறப்பதைப் போல, நிலம், நீர் முதலான பூதங்கள் சேர்ந்தால் உணர்வு தோன்றும். அவை பிரிந்தால் பறையின் ஓசை போல அது கெட்டுவிடும் என்பது அவன் வாதம். பூவிலும் போதை இல்லை, வெல்லத்திலும் போதை இல்லை, சேர்க்கையில் இருக்கிறது. தனித்தனிப் பகுதிகளில் இல்லாத ஒரு பண்பு அவற்றின் கூட்டில் வெளிப்படுவது பற்றி இன்று எழுதப்படும் பல பக்கங்களின் கருவை அந்த ஒரு கள்ளுப் பானைக்குள் பார்க்கலாம்.

20ஆம் நூற்றாண்டில் இந்தக் கட்சி கூர்மை பெற்றது. 1956இல் யு. டி. பிளேஸும் 1959இல் ஜே. ஜே. சி. ஸ்மார்ட்டும், உணர்ச்சிகள் மூளை நிகழ்வுகளேதான் என்று வாதிட்டார்கள். மின்னலை மின்சாரம் உண்டாக்குகிறது என்று சொல்வதை விட, மின்னல் என்பதே மின்னிறக்கம்தான் என்று சொல்வது சரியானது. அதைப் போலவே எரிச்சல் என்பதும் குறிப்பிட்ட நரம்புகளின் துடிப்புதான், இரண்டு பொருள்கள் அங்கே இல்லை என்பது அவர்கள் வாதம். எலிசபெத் கேட்ட கேள்விக்கு இங்கே இடமே இல்லாமல் போகிறது. ஆனால் 1960களில் ஹிலரி பட்னம் வேறொரு தடையை எழுப்பினார். ஆக்டோபஸின் மூளை நம் மூளையைப் போன்றதே இல்லை. அதன் நரம்பணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை கைகளில்தான் இருக்கின்றன. வலி என்பது மனித மூளையின் இன்ன நரம்புத் துடிப்பு என்றால், ஆக்டோபஸுக்கு வலிக்காது என்று இருந்த இடத்திலிருந்தே தீர்ப்பளித்துவிட முடியுமா? அதற்குப் பதிலாக, எந்த நிலை காயத்தால் உண்டாகி, விலகி ஓடச் செய்து, அடுத்த முறை எச்சரிக்கையாக இருக்கவும் வைக்கிறதோ அந்த நிலையே வலி என்று வேலையை வைத்து வரையறுத்தால் போதும். சுண்டக் காய்ச்சிச் சொன்னால், பூட்டைத் திறப்பது எதுவோ அது சாவி. இரும்பா பித்தளையா என்பது பொருட்டில்லை. இந்தச் செயற்பாட்டுவாதம்தான் இன்றைய அறிவாற்றல் அறிவியலுக்கும், கணினிக்கும் மனம் வரலாம் என்ற எதிர்பார்ப்புக்கும் அடித்தளம்.

'எரிச்சல் எங்கே' என்று கேட்டவர் இதைக் கேட்டும் அசைய மாட்டார். அவருக்காக வாதாடியவர்களில் மூவரைச் சொல்ல வேண்டும். தாமஸ் நேகல் 1974இல் வௌவாலை எடுத்துக்கொண்டார். எதிரொலியால் வழி காணும் அந்த உயிரின் உடலமைப்பைப் பற்றி அனைத்தையும் கற்றுக்கொண்டாலும், வௌவாலாக இருப்பது வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குப் பிடிபடாது என்றார். நம் வீட்டுத் தோட்டத்திலேயே இதற்கு இன்னும் நெருக்கமான சான்று இருக்கிறது. கிளி மிளகாயை அலட்டிக்கொள்ளாமல் தின்கிறது. பறவைகளிடமும் டிஆர்பிவி1 ஏற்பி உண்டு, அது சூட்டுக்குத் திறக்கவும் செய்கிறது. ஆனால் கேப்சைசினுக்கு ஏறத்தாழ அசைவதே இல்லை. எனவே கிளிக்கு மிளகாய் எரிவதில்லை என்று துணிந்து சொல்லலாம். சரி, எரியாத அந்த மிளகாய் கிளிக்கு எப்படி இருக்கிறது? ஏற்பியின் அமைப்பை அணு அணுவாக வரைந்து வைத்திருக்கும் நம்மிடம் அதற்கு ஒரு சொல்லும் இல்லை.

அடுத்தவர் ஃபிராங்க் ஜாக்சன். 1982இல் அவர் படைத்த மேரி என்ற கற்பனை அறிவியலாளர், கறுப்பு வெள்ளை அறைக்குள்ளேயே இருந்துகொண்டு நிறக் காட்சியைப் பற்றிய எல்லா இயற்பியல் உண்மைகளையும் கற்றுத் தேர்ந்தவர். வெளியே வந்து முதன்முதலாகச் சிவப்பைப் பார்க்கும்போது அவர் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்கிறார் என்றால், இயற்பியல் உண்மைகள் எல்லா உண்மைகளும் ஆகா. இந்த வாதத்தை எழுப்பிய ஜாக்சனே பிற்காலத்தில் அதைக் கைவிட்டு, எல்லாம் பருப்பொருளே என்னும் பொருள்முதல்வாதத்துக்குப் போய்விட்டார் என்பது தத்துவ உலகில் அரிதாக நடக்கும் சங்கதி. மேரிக்குக் கிடைத்தது புதிய உண்மை இல்லை, பழைய உண்மையையே அடையாளம் காணும் புதிய திறன்தான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நீச்சல் பற்றிய நூல்களையெல்லாம் படித்தவர் கிணற்றில் இறங்கிய பிறகு பெறுவதைப் போன்றது அது என்பது அவர்கள் எண்ணம்.

மூன்றாமவரான டேவிட் சால்மர்ஸ்தான் இந்த வழக்குக்கு இன்றைய பெயரைக் கொடுத்தவர். 1994இல் அமெரிக்காவின் டூசான் நகரில் நடந்த மாநாட்டிலும் அடுத்த ஆண்டு வெளியான கட்டுரையிலும் அவர் கேள்விகளை இரண்டாகப் பிரித்தார். மூளை எப்படிப் பிரித்தறிகிறது, எப்படிக் கவனிக்கிறது, எப்படித் தன் நிலையைச் சொல்லில் தெரிவிக்கிறது என்பவை 'எளிய' சிக்கல்கள். எளிய என்றால், விடை கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனாலும் தேடும் வழி தெரிந்தவை என்று பொருள். இந்த வேலைகளெல்லாம் நடக்கும்போது அவற்றோடு அனுபவம் ஏன் இருக்கிறது என்பதுதான் கடினச் சிக்கல். உடலிலும் செயலிலும் பேச்சிலும் அணுவளவும் நம்மிலிருந்து வேறுபடாத, ஆனால் உள்ளே ஒன்றுமே தோன்றாத ஒரு பிறவியைக் கற்பனை செய்ய முடிகிறதல்லவா என்று அவர் கேட்கிறார். அப்பிறவி மிளகாயைக் கடித்து 'எரிகிறது' என்று கத்தும், மோர் குடிக்கும், எரிச்சல் மட்டும் இருக்காது. அது கற்பனைக்கு எட்டும் என்றால் எரிச்சல் வேலையைத் தாண்டிய ஒன்று என்று ஆகிறது. இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இல்லாத பொருளாகக் கூட ஒரு காலத்தில் மனிதர்கள் கற்பனை செய்தார்கள். கற்பனை செய்ய முடிந்தது என்பதற்காக அது நடக்கக் கூடியதாகிவிடவில்லை. சால்மர்ஸிடம் இதற்கு நீண்ட மறுமொழி உண்டு, ஆனால் தொடக்க நிலையில் இந்த ஐயத்தோடு நிற்பதில் தவறில்லை.

இத்தனை பேரும் எரிச்சல் என்று ஒன்று இருப்பதையாவது ஒப்புக்கொண்டார்கள். டேனியல் டென்னெட்டும், அண்மைக் காலத்தில் கீத் ஃபிராங்கிஷும் அதிலேயே கைவைத்தார்கள். மூளைக்குத் தன் வேலையைத் தானே சுருக்கமாகக் காட்டிக்கொள்ளும் தேவை இருக்கிறது. கணினித் திரையில் கோப்புறைப் படம் தெரிவதைப் போல, உள்ளே நடக்கும் கோடிக்கணக்கான நிகழ்வுகளை 'எரிச்சல்' என்ற ஒற்றைச் சித்திரமாக அது காட்டுகிறது. திரையில் தெரியும் மஞ்சள் கோப்புறை கணினிக்குள் எங்கேயும் இல்லை. அதைப் போலவே, விளக்க முடியாத அகப்பண்பு என்று நாம் நினைப்பதும் ஒரு தோற்றமே என்பது அவர்கள் முடிவு. வலியே இல்லை என்று அவர்கள் சொல்வதாக எதிராளிகள் கேலி செய்வது சரியில்லை. வலி பற்றி நாம் வைத்திருக்கும் கருத்துத்தான் தவறு என்கிறார்கள். ஆனால் தோற்றம் என்று சொன்னாலும் அது யாருக்கோ தோன்றத்தானே வேண்டும் என்ற பதில் கேள்வி அவர்களை விடாமல் துரத்துகிறது.

கடைசித் தரப்பு, முதலில் கேட்கும்போது வேடிக்கையாகவும் பிறகு அவ்வளவு வேடிக்கை இல்லாததாகவும் தோன்றுவது. இயற்பியல் ஒரு துகள் என்ன செய்யும் என்பதைத்தான் சொல்கிறது, அது உள்ளுக்குள் என்னவாக இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை என்று 1927இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சுட்டிக்காட்டினார். அந்த வெற்றிடத்தில் பிரக்ஞையின் மிக எளிய வடிவத்தை வைத்துவிட்டால், சடத்திலிருந்து உணர்வு எப்படிப் பிறந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. அது தொடக்கத்திலிருந்தே எங்கும் இருக்கிறது. இந்த அனைத்துணர்வுவாதத்துக்கு வலிமையான எதிர்ப்பை வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே எழுதி வைத்துவிட்டார். பன்னிரண்டு பேரிடம் ஒரு வாக்கியத்தின் பன்னிரண்டு சொற்களைத் தனித்தனியே சொல்லி அவர்களை வரிசையில் நிறுத்தினால், முழு வாக்கியத்தின் உணர்வு அங்கே எவரிடமும் இருக்காது என்றார் அவர். ஒரு குறளின் ஏழு சீர்களை ஏழு பிள்ளைகளிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். குறளின் பொருளை அறிந்த எட்டாவது பிள்ளை ஒன்று அவர்கள் நெருங்கி நிற்பதால் மட்டும் தோன்றிவிடுமா? கோடானுகோடித் துகள்களின் சின்னஞ்சிறு உணர்வுகள் சேர்ந்து 'நான்' என்ற ஓர் உணர்வு ஆவது எப்படி என்பதே இவர்களின் தீராத கணக்கு.

அத்வைதம் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடும்: பிரக்ஞை ஒன்றே, பலவாகத் தெரிவதுதான் விளக்கப்பட வேண்டியது. சைவ சித்தாந்தமோ உயிர்கள் பல என்று கொண்டு, கண்ணுக்குப் பார்வை இருந்தும் ஒளியின்றிக் காண முடியாததைப் போல, உயிர் அறிவுடையதாயினும் தானே அறியமாட்டாது என்று ஒரு நடுவழி காண்கிறது. இவை இரண்டும் தனித்தனிக் கட்டுரைகளுக்கு உரியவை.

ஆய்வுக்கூடம் இந்த வழக்கை முடித்துவைக்கும் என்று நம்பியவர்களும் உண்டு. பிரக்ஞைக்கு உரிய நரம்பு அடையாளம் 25 ஆண்டுகளில் தெளிவாகக் கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக் 1998இல் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில் நடந்த நிகழ்ச்சியில் தோல்வியை ஒப்புக்கொண்டு வைன் பாட்டில்களைக் கொடுத்தார். எதிரெதிரான இரண்டு கோட்பாடுகளை ஒரே சோதனையில் மோதவிட்டுப் பார்த்ததன் முடிவுகளும் அதே நேரத்தில் அறிவிக்கப்பட்டன. இரண்டுமே காயங்களோடுதான் வெளியே வந்தன.

ஆனால் ஆய்வுக்கூடம் தந்த வேறொரு நிகழ்வுதான் இந்த வழக்கின் கனத்தை எனக்குப் புரியவைத்தது. சாலை விபத்தில் மூளை காயமுற்று, கண் விழித்தும் எதற்கும் அசையாமல் கிடந்த 23 வயதுப் பெண் ஒருவரை நரம்பியலாளர் ஏட்ரியன் ஓவனின் குழு இங்கிலாந்தில் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. ஸ்கேன் கருவிக்குள் அவரிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார்கள். பிறகு, உங்கள் வீட்டின் அறைகளில் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார்கள். இரண்டு முறையும் நலமுள்ளவர்களின் மூளையில் எந்தெந்தப் பகுதிகள் தூண்டப்படுமோ அவையே அவர் மூளையிலும் தூண்டப்பட்டன. அது பிரக்ஞையின் சான்றா, கேட்ட சொல்லுக்கு மூளை தானாகக் காட்டிய எதிர்வினையா என்று உடனே வாதம் எழுந்தது. அந்தப் பெண்ணிடம் சொல்லோ செயலோ இல்லை. இருந்தால் அகம் மட்டுமே இருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, இன்றைய உரையாடல் இயந்திரங்களிடம் சொல் குறைவின்றி இருக்கிறது. மிளகாயைக் கடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் நம்மை விட நயமாக அவை வருணிக்கும்.

மணிமேகலைக்கும் பூதவாதிக்கும் நடந்த உரையாடலின் முடிவு இங்கே நினைவுக்கு வருகிறது. கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன், அனுமானம் செல்லாது என்று அவன் சொல்லக் கேட்டுச் சிரித்த அவள், உன் தாய் தந்தை இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்டாள். அதையே இன்னும் ஒரு படி உள்ளே கொண்டுபோகலாம். உன் தாய்க்கு மிளகாய் எரியும் என்பதை நீ எப்படி அறிவாய்?